பிரஷர் குறைய நாய் வளர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஆரையம்பதியில் தனியாக இருக்கிறார். அம்மா போய் ஒரு வருடமாகிறது. பிரஷரும் சீனியும் உண்டு, கிளினிக்கில் எடுக்கிற குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். மற்றபடி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தால் இருந்ததுதான். நாய் வளர்த்தால் பிரஷர் இறங்குமாம் என்று கட்டாரில் இருக்கும் தம்பி ஒரு லாப்ரடோர் குட்டிக்குக் காசு அனுப்பப்போகிறான். வாங்கிக் கொடுக்கலாமா டொக்டர்?
- ஒரு மகள், கல்முனை

பதில்: நாய் வளர்க்கலாம் தங்கச்சி. லாப்ரடோர் குட்டிதான் வேண்டாம்.

முதலில் பிரஷர். 2001இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரஷர் உள்ள 48 பங்குத் தரகர்களுக்கு லிசினோப்ரில் குளிசை கொடுத்தார்கள். பாதிப் பேரை வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கச் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது உள்ள பிரஷரை இரு பகுதியினருக்கும் இறக்கியது குளிசைதான். பதற்றமான நேரத்தில் எகிறுகிற பிரஷர் மட்டும் பிராணி வளர்த்தவர்களுக்குக் குறைவாக எகிறியது. ஆகவே நாய் வந்துவிட்டதென்று அப்பா ஒரு குளிசையைக்கூட விடக்கூடாது. இதை அவரிடம் இரண்டு தரம் சொல்லுங்கள். சிலர் தாங்களாகவே பாதியாக உடைத்துப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகிற ஆய்வு சுவீடனுடையது. 2017இல் வெளிவந்த அதில் 34 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். தனியாக வாழ்ந்தவர்களில் நாய் வளர்த்தோருக்கு மரண ஆபத்து 33 சதவீதம் குறைவாக இருந்தது. நாய்தான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது. நடக்கத் தெம்புள்ளவர்தானே நாய் வளர்க்கவும் துணிவார்! அதோடு, அந்த ஊரில் நாயை ஆள்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். நம்மூரில் கேற்றைத் திறந்துவிட்டால் நாய் தானே ஊர் சுற்றிவிட்டு வரும், அப்பா கதிரையிலேயே இருப்பார். அப்படியானால் உடற்பயிற்சி நாய்க்கு மட்டும்தான். சங்கிலி அப்பாவின் கையில் இருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறமுன் ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை. சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேர நடையைப் பொழுதுபட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரைக்குப் போனாலும் செருப்போடு போகச் சொல்லுங்கள். நாய் மலத்திலிருந்து வரும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமணலில் கிடந்து தோலுக்குள் நுழையும். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று: காலில் புண் இருந்தால் நாயை நக்க விடக்கூடாது. "நாய் நக்கினால் புண் ஆறும்" என்று நம்மிடையே ஒரு கதை இருக்கிறது. ஆறாது. நாயின் வாயிலுள்ள கிருமிகள் சீனிக்காரரின் புண்ணில் இறங்கினால் கால் போகும் அளவுக்குக்கூட வரலாம்.

ஏன் லாப்ரடோர் வேண்டாம் என்கிறேன்? வளர்ந்தால் 30 கிலோ. பூனையைக் கண்டு ஒரு இழுவை இழுத்தால் அப்பா விழுவார், இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பெரிய பாடு. குட்டியென்றால் செருப்பைக் கடிக்கும், இரவில் கத்தும். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த, சாதுவான நாட்டு நாய் ஒன்று போதும். நம் வெக்கைக்கும் அதுதான் தாங்கும். தம்பியின் காசு ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் நல்ல சங்கிலிக்கும் உதவட்டும்.

நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடாவருடம் போட வேண்டும். சொந்த நாயே கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம்.

காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் வாசகர்கள் நாய்க்குப் பதிலாகப் பூனையைப் பற்றிக் கேட்பதுண்டு. பூனை நடக்க வைக்காது, ஆனால் மடியில் வந்து படுக்கும், பேச்சுத்துணைக்கு அது போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தை வேறு யாராவது அள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் தம்பியின் விருப்பம் இருக்கிறது, உங்கள் கவலை இருக்கிறது, அவர் சொன்னது ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்க இதயச் சங்கமும் 2013இல், நாய் வளர்ப்பு இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம் என்றது, அதற்காக மட்டும் ஒரு பிராணியை வாங்க வேண்டாம் என்றும் சொன்னது. அவர் சம்மதித்தால், நீங்கள் அவரைக் கல்முனைக்குக் கூட்டிவந்து வைத்திருக்கிற நாட்களில் நாய்க்குச் சோறு வைப்பது யார் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள்.