பொய் பில்லில் என் இனிஷியலும் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: அரசு பாலிடெக்னிக் ஒன்றின் கணக்குப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். விடுதிக்கு வெள்ளையடித்ததாகப் பில் வந்தது, ஆனால் எந்தச் சுவரிலும் வேலை நடக்கவில்லை. மூன்று கொட்டேஷன்களும் ஒரே ஒப்பந்ததாரர் வீட்டு ஆட்களுடையவை. போகாத ஊருக்கெல்லாம் பயணப்படி எடுக்கிறார்கள். "இனிஷியல் மட்டும் போடும்மா, மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறார் கண்காணிப்பாளர். இரண்டு பில்களில் போட்டுவிட்டேன். ஒரு பைசா வாங்கவில்லை. நான் மாட்டிக்கொள்வேனா? புகார் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: சகோதரி, பணம் வாங்கவில்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஊழல் தடுப்புச் சட்டம் 1988, பிரிவு 13, தன் பொறுப்பில் உள்ள சொத்தை நேர்மையின்றிக் கையாடும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. அப்படிக் கையாட இன்னொருவரை அனுமதிப்பவரையும் அதே பிரிவு தண்டிக்கிறது. தண்டனை 4 முதல் 10 ஆண்டு வரை. 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய பில் என்றால் அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 316(5), அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409, இதனுடன் சேரும். ஒப்பந்ததாரர் அரசு ஊழியர் இல்லைதான். ஆனாலும் கூட்டுச் சதியில் அவரையும் அதே சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தலாம். "பார்த்துக்கொள்கிறோம்" என்று வாயால் சொன்னவரின் வாக்குறுதி கோப்பில் இருக்காது, உங்கள் இனிஷியல் இருக்கும்.

ஆகவே மூன்றாவது பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ச்சண்டையும் வேண்டாம். அலுவலகக் குறிப்பில் நாள் போட்டு, "பணி முடிந்ததற்கான அளவுப் புத்தகப் பதிவு இணைக்கப்படவில்லை, மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே முகவரியிலிருந்து வந்துள்ளன, ஆணை வேண்டப்படுகிறது" என்று எழுதி மேலே அனுப்புங்கள். யாரையும் திருடன் என்று எழுத வேண்டியதில்லை, குறைபாட்டைச் சொன்னால் போதும். அதை மீறிப் பணம் கொடுக்கச் சொல்பவர் தன் கையெழுத்தில் சொல்லட்டும்.

அசல் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கோப்பு காணாமல் போனதாகப் பழி உங்கள் மேலேயே திரும்பும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் கைக்கு வந்துவிடும். பில் எண், வவுச்சர் எண், தேதி, தொகை இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். பயணப்படியில் வாகன எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பீகார் மாட்டுத் தீவன ஊழலில் கால்நடைகளை ஏற்றிவந்ததாகக் காட்டப்பட்ட வாகன எண்களில் சில, சரிபார்த்தபோது ஸ்கூட்டர்களுடையவை. 1996-இல் வெளிவந்த அந்த ஊழலில் சப்ளையர்களோடு கருவூல அலுவலர்களும் தண்டனை பெற்றார்கள்.

புகாரை ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்துக்கு, பெயரோடு, "அடையாளத்தை ரகசியமாக வைக்கவும்" என்ற வேண்டுகோளோடு கொடுங்கள். மொட்டைக் கடுதாசிக்கு மதிப்புக் குறைவு. ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 17ஏ-யின்படி விசாரணைக்கு முன் அனுமதி தேவைப்படலாம். அதற்கு 3 மாதம், மேலும் 1 மாதம் ஆகலாம். அந்த மௌனத்தைக் கண்டு புகாரைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி உங்களுக்கு இனிப்பாகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. தேசிய நெடுஞ்சாலைத் திட்ட முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். ஆனாலும் கடிதம் பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டார். தகவல் தருவோரைக் காக்க அடுத்த ஆண்டு வந்த ஏற்பாடு மத்திய அரசு சார்ந்தவற்றுக்கு மட்டுமே. 2014-இல் ஒப்புதல் பெற்ற தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. நேர்மையான ஊழியர்களை இந்த நாடு இப்படி நிராதரவாக விட்டிருப்பது பெரும் அநீதி. அதனால்தான் உங்கள் குறிப்பும் புகாரும் தேதியோடு இருக்க வேண்டும் என்கிறேன். பின்னால் இடமாற்றமோ ஒழுங்கு நடவடிக்கையோ வந்தால், அது பழிவாங்கல் என்று உயர் நீதிமன்றத்தில் காட்ட அந்தத் தேதிகள்தான் உதவும்.

போட்டுவிட்ட இரண்டு இனிஷியல்களையும் மறைக்காமல் புகாரிலேயே சொல்லுங்கள், யார் எப்போது வற்புறுத்தினார் என்பதோடு. சாட்சியாவதா, மன்னிப்புப் பெற்று அப்ரூவராவதா என்பது விசாரணை போகும் போக்கைப் பொறுத்தது. மன்னிப்பு வழங்கும் அதிகாரம் ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 5(2)-இன் கீழ் சிறப்பு நீதிபதிக்கு உண்டு. எதுவானாலும் வாக்குமூலம் கொடுக்கும் முன், ஊழல் வழக்குகள் நடத்தும் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை உங்கள் குறிப்புகளோடு போய்ப் பாருங்கள்.