ஸ்டியரிங் ரேக்கையே மாற்றச் சொல்கிறார்கள், கடன் வாங்கலாமா?

கேள்வி: என் காருக்கு 14 வயது. கொஞ்ச நாளாக ஸ்டியரிங் லூசாக இருக்கிறது, மேடு பள்ளத்தில் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம், முன் டயர் ஒன்று ஓரமாகத் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங் ரேக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் கேட்கும் தொகை, காரை விற்றால் கிடைப்பதில் கால் பங்கு. தனிநபர் கடன் எடுத்துச் செய்யலாமா, இல்லை விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஸ்டியரிங் ரேக் என்பது ஸ்டியரிங் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் சாமான்; அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளி முனை மூட்டுதான் டை ராடு எண்ட். அது ஒன்று தேய்ந்திருந்தாலே நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவும் வரும். ரேக்கின் விலையோடு பார்த்தால் டை ராடு எண்ட் சின்னச் சாமான், கூலியும் குறைவு. எது தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பெரிய தொகைக்குத் தலையாட்டாதீர்கள்.

முதலில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. அப்புறம் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சோதனைக்கு மட்டும் காசு கொடுத்து, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை ஒன்பது மணி, மூன்று மணி இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் சந்தேகம் டை ராடு எண்ட் மேலோ, அதே கம்பியின் உள் முனையில் இருக்கும் ரேக் எண்ட் மேலோதான். பன்னிரண்டு, ஆறு என்று மேலும் கீழுமாகப் பிடிக்கும்போது ஆடினால் பால் ஜாயிண்ட்டோ (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) வீல் பேரிங்கோ (சக்கரம் சுழல உதவும் சாமான்) தேய்ந்திருக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டால் பெரும்பாலும் பேரிங். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வழிந்து மண் ஒட்டியிருக்கும் ஜாயிண்ட்டைப் பார்த்தால் உங்களுக்கே புரியும், தண்ணீரும் தூசியும் உள்ளே போய் அரைத்துத்தான் இந்தச் சாமான்கள் வீணாகின்றன.

ஜாயிண்ட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஸ்டியரிங் ஆடினாலோ, ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் ரேக்கின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தாலோ, அப்போது ரேக்கைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ரீகண்டிஷன் செய்த ரேக் கிடைக்குமா என்று கேளுங்கள், வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். ரேக்கைக் கழற்றும்போதே ரேக் எண்ட்டுகளையும் மாற்றிவிட்டால் அதே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

இப்போது பணத்துக்கு வருவோம். செலவைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதுதான் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. காரை விற்றால் அடுத்து வாங்கும் வண்டிக்கு முன்பணம், மாதத் தவணை, கூடுதல் இன்சூரன்ஸ் எல்லாம் வரும், அந்த ஒரு வருடச் செலவோடு இந்த ரிப்பேர் பில்லை வைத்துப் பாருங்கள். பில் அதைவிட வெகுவாகக் குறைவு, இஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கிறது என்றால் ரிப்பேர்தான் லாபம். அடித்தளம் துருப்பிடித்து, கியர் பாக்ஸும் தகராறு செய்கிறது என்றால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் ஸ்டியரிங் பழுதை மறைத்து விற்காதீர்கள், வாங்குபவரின் உயிர் அதில் இருக்கிறது.

இதற்கு அவசர நிதியைத் தொடலாமா என்றால், தாராளமாகத் தொடலாம், அதைச் சேர்த்து வைப்பதே இப்படிப்பட்ட நாளுக்குத்தான். வழக்கமான தேய்மானத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தனிநபர் கடனைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டு ஓட்டவும் கூடாது. டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது, பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் சக்கரமே சாய்ந்துவிடும். பணம் புரளும்வரை வண்டி நிற்கட்டும்.

பில்லில் சாமான், கூலி, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். டை ராடு மாற்றியபின் அலைன்மென்ட் கட்டாயம்; அதை மிச்சம் பிடித்தால் புது டயரும் அதேபோல ஓரமாகத் தேயும், அந்த டயர் விலையில் பல முறை அலைன்மென்ட் பார்த்துவிடலாம். இரண்டு பக்க டை ராடு எண்ட்டும் தேய்ந்திருந்தால் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அலைன்மென்ட்டுக்கே இரண்டு முறை கொடுப்பீர்கள். முடிந்ததும் அலைன்மென்ட் அளவுகள் அச்சான தாளை பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வண்டியை விற்கும்போது விலை பேச அது உதவும்.