கார் பகலில் எங்கே நிற்கிறது?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நான் உம்ஷ்லாங்காவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாரத்துக்கு நான்கு ஷிஃப்ட், ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணி நேரம். போக வர 60 கிலோமீட்டர். எங்களிடம் இருப்பது 2005 மாடல் டொயோட்டா டாஸ். லோட் ஷெட்டிங் தாங்க முடியாமல் 2023-இல் 5 கிலோவாட் சோலார், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் போட்டோம். இப்போது மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசனை. 'எஸ்காம் கரண்டே நிலக்கரியிலிருந்து வருகிறது, அதில் ஓடினால் மட்டும் காற்று சுத்தமாகிவிடுமா?' என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா, அண்ணா?"

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அரசு மின் நிறுவனமான எஸ்காம் தரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு, அனல் மின்நிலையங்கள் நிறைந்த ம்புமலங்கா மாகாணத்தின் புகைபோக்கிகள் வழியாக வெளியே போகிறது. சின்ன மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 16 யூனிட் போல எடுக்கும். உங்கள் 60 கிலோமீட்டருக்குப் பத்து யூனிட். அப்படியானால் ஒரு ஷிஃப்டுக்குப் பத்து கிலோ கார்பன். டாஸ் எவ்வளவு? நூறுக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் 4.8 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 11 கிலோ. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, கப்பலில் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் 13 வரை போகும். ஆக, இரவில் எஸ்காம் கரண்டில் மட்டும் சார்ஜ் செய்தால் உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். ப்ராஸ்பெக்டன் கார் ஆலையில், உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, 2021 முதல் டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட் தயாராகிறது. ஹைபிரிட் கார் நூறு கிலோமீட்டருக்கு நாலரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் தூரத்துக்கு ஆறு கிலோ கார்பனுக்குக் கொஞ்சம் மேலே வரும், பெட்ரோல் வந்துசேர்வதில் வெளியாகும் கார்பனைச் சேர்த்தாலும் எட்டுக்குள் நிற்கும். இந்த நாட்டில், இன்றைய கரண்டில், இரவில் மட்டும் சார்ஜ் ஏறும் மின்சாரக் காரைவிட ஹைபிரிட் சுத்தம். நீர் மின்சாரத்தில் ஓடும் நார்வேயையோ அணு மின்சாரத்தில் ஓடும் பிரான்ஸையோ பார்த்து எழுதும் கட்டுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் வேண்டாமா? உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியை அலுவலக வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருந்தால், வாங்காதீர்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவர் கார் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அலுவலகத்தில் நிற்கும். வெயில் கூரையில் விழும் நேரத்தில் கார் வீட்டில் இருக்காது. நீங்கள் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். வாரத்தில் மூன்று நாள் உங்கள் கார் பகல் முழுக்க வீட்டு வாசலில் நிற்கிறது. இரவு ஷிஃப்ட் வந்தால், காலையில் வந்து நீங்கள் தூங்கும் நேரமெல்லாம் காருக்கு வெயில்தான்.

5 கிலோவாட் பேனல் டர்பனில் சராசரியாக நாளுக்கு 18 முதல் 20 யூனிட் தரும். இந்தியப் பழக்கத்தில் யாராவது பேனலைத் தெற்கே பார்க்க வைத்திருந்தால் இவ்வளவு வராது. இங்கே வடக்கே பார்க்க வேண்டும், அதை ஒருமுறை கூரையில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். மழையும் மேகமும் இங்கே கோடையில்தான். குளிர்காலத்தில் பகல் குறைவு என்றாலும் வானம் தெளிவாக இருக்கும். வீட்டுச் செலவுக்கும் வீட்டு பேட்டரி நிறையவும் எட்டு யூனிட் கழித்தால், காருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 யூனிட் மிஞ்சும். காருடன் வரும் சாதாரண சார்ஜர் பத்து ஆம்பியரில் 2.3 கிலோவாட் இழுக்கும். காலை ஒன்பதரைக்குச் செருகி மதியம் இரண்டரைக்கு எடுத்தால் பதினொன்றரை யூனிட். மூன்று நாளுக்கு 34 யூனிட் வரும். ஷிஃப்ட், கடை, கோயில் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் தேவை 48. அதாவது முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெயில், மீதி எஸ்காம். வாரக் கணக்கில் டாஸ் விடும் 55 கிலோ கார்பன் பதினைந்து கிலோவுக்குள் வந்துவிடும்.

ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள். பகலில் நிறைந்த வீட்டு பேட்டரியை வைத்து இரவில் காருக்கு ஏற்ற நினைக்காதீர்கள். ஐந்து யூனிட் பேட்டரி காரை முப்பது கிலோமீட்டர்தான் ஓட்டும், அதிலும் ஒரு பங்கு வழியிலேயே வீணாகும். அந்த பேட்டரி விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இருக்கட்டும்.

அப்புறம் வயரிங். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகள் 1960-களில், இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய காலத்தில் கட்டியவை. ஐந்து மணி நேரம் ஒரே சீராகப் பத்து ஆம்பியர் இழுக்கும் எதையும் மனதில் வைத்து அந்த வயர்களைப் போடவில்லை. போன வருஷம் ஒரு வீட்டில் கேரேஜில் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் வயரை விரிக்காமல், சுருளோடே தரையில் வைத்துக் காரைச் செருகியிருந்தார்கள். சுருளின் உள்பக்க அடுக்குகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிளக்கில் ஓர் ஊசிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தோசை அடிபோலச் சிவந்து கிடந்தது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். ஆகவே காருக்கென்று டிபி போர்டிலிருந்து, அதாவது வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து, தனி வயர், தனி பிரேக்கர், எர்த் லீக்கேஜ் (மின்கசிவு) பாதுகாப்போடு ஒரு பிளக் போடச் சொல்லுங்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் வயரிங் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் கையில் வாங்க வேண்டும். நாளைக்குத் தீ என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். கீசருக்கு ஒரு டைமர் போட்டு மூன்று மணிக்கு மேல் ஓட விடுங்கள். கீசர் மூன்று கிலோவாட், கார் 2.3, இரண்டும் சேர்ந்தாலே 5 கிலோவாட் இன்வெர்ட்டர் தாங்காது.

எந்தக் கார்? 2025-இல் பிஒய்டி டால்ஃபின் சர்ஃப் மூன்றரை லட்சம் ராண்டுக்குக் கீழே வந்தது. அதன் சின்ன மாடலில் 30 யூனிட் பேட்டரி, உங்கள் வேலைக்குத் தாராளம். மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து வந்தால் மட்டும் நடுவில் ஓர் இரவு ஏற்ற வேண்டும். ஆனால் பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் லிட்டர் 21 ராண்டு என்று வைத்தால், நீங்கள் மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கலாம். ஆறு வருஷக் கடனில் மாதத் தவணை ஆறாயிரத்தைத் தாண்டும். பெட்ரோல் மிச்சம் தவணையைக் கட்டாது. டாஸ் இன்னும் நன்றாக ஓடுகிறதென்றால் அவசரப்பட வேண்டாம். புதுக் கார் ஒன்றைச் செய்வதிலேயே பல டன் கார்பன் போகிறது, அதை ஈடுகட்ட என் கணக்கில் மூன்று நான்கு வருஷம் ஆகும். டாஸை எப்படியும் மாற்றியாக வேண்டிய நாள் வரும்போது மின்சாரக் கார் வாங்குங்கள்.

அதுவரை செய்யக்கூடிய ஒன்று உண்டு, பைசா செலவில்லாதது. உங்கள் வார்டில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் நர்ஸ் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். லிஃப்ட் கிளப் போடுங்கள். மூன்று பேர் ஒரு பழைய டாஸில் போனால் தலைக்கு நான்கு கிலோ கார்பன்தான். தனியாக ஓட்டும் ஹைபிரிட்கூட அந்த அளவுக்கு இறங்காது.

வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கார்பன் கணக்கு வேறு, நாம் மூச்சு விடும் காற்று வேறு. தெற்கு டர்பனில் மெரிபேங்க், வெண்ட்வொர்த் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் பிள்ளைகள் இன்ஹேலரும் கையுமாகப் பள்ளிக்குப் போன ஊர் அது. வெண்ட்வொர்த் ஆலை 2020 டிசம்பர் தீக்குப் பிறகு மறுபடி ஓடவில்லை, ப்ராஸ்பெக்டனில் இருந்த எண்ணெய் ஆலை 2022-இல் நின்றது. சாலையில் வண்டிப் புகை மட்டும் அப்படியே இருக்கிறது. மின்சாரக் காருக்குப் புகைக் குழாயே கிடையாது. எஸ்காம் கரண்டில் ஓடினாலும் உங்கள் தெருவில், பள்ளி வாசலில், புகை விடாது. அந்தப் புகை ம்புமலங்காவில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விழுகிறது என்பதும் உண்மை. அதனால்தான் வெயிலில் ஏற்றுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஜோகன்னஸ்பர்க் பயணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிசம்பர் லீவில் கேள்வி வரும். டர்பனிலிருந்து அங்கே 570 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். அந்த உயரத்துக்குக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே ஏழெட்டு யூனிட் வேண்டும். 30 யூனிட் பேட்டரியோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு என்3 சாலையில் போனால் நாள் முழுக்கச் சார்ஜரைத் தேடிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்த ஒரு வாரத்துக்கு வாடகைக்கு ஒரு கார் எடுங்கள். வருஷத்தில் ஒரு பயணத்துக்காகப் பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிபி போர்டைத் திறந்து காட்டுங்கள். இன்வெர்ட்டர் ஆப்பில் போன ஜூன் மாதக் கணக்கையும் ஜனவரி மாதக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் மதியம் இரண்டு மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதி அனுப்புங்கள், என்ன ஆம்பியரில் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.