பறவைப் படங்களைக் கிராப் செய்வது ஏமாற்று வேலையா? எவ்வளவு வரை வெட்டலாம்?

"சட்டகத்தைக் கேமராவின் வ்யூஃபைண்டரில் பார்க்கும்போதே முடித்துவிட வேண்டும், பிறகு வெட்டுவது சோம்பேறித்தனம் என்கிறார்கள். சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆசையோடு பகிர்ந்த படத்துக்குக் கீழே மூத்தவர் ஒருவர் இப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிராப் செய்வது, அதாவது எடுத்த படத்தின் ஓரங்களைப் பிறகு வெட்டி நீக்குவது, ஏமாற்று வேலை அல்ல. ஆனால், பறவையைப் பெரிதாகக் காட்டுவதற்கென்று மட்டும் செய்யப்படும் கிராப் பெரும்பாலும் படத்தைக் கெடுத்துவிடுகிறது.

வெட்டவே கூடாது என்பவர்கள் வழக்கமாகத் துணைக்கு அழைப்பது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோனை. அவர் கிராப் செய்வதை விரும்பாதவர் என்பது உண்மைதான். ஆயினும் 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறத்தில், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த புகழ்பெற்ற படம், வேலியின் இடுக்கு வழியாக எடுக்கப்பட்டதால் வேலி மறைத்த பகுதியை வெட்டி நீக்கிய பிறகே அச்சானது. மனிதர்களை எடுத்த அவருக்கே அந்த விலக்கு தேவைப்பட்டதென்றால், எந்த நொடியில் எந்தப் பக்கம் எழும்பும் என்று தெரியாத பறவையை எடுப்பவர் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல்கள் கொண்டது. அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 10 அங்குல அகலம் கிடைக்கும். 3840 பிக்சல் அகலமுள்ள 4கே திரையை நிரப்ப அது போதாது. பலரும் மறந்துவிடுவது ஒளிக்கணக்கை. பாதியாக வெட்டிய படத்தில், ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் கால் பரப்பில் விழுந்த ஒளி மட்டுமே இருக்கிறது. ஆகையால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600இல் எடுத்ததை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) ஏறத்தாழ ஐஎஸ்ஓ 6400இல் எடுத்ததுபோல் தெரியும். லேசான கை நடுக்கமும், கண்ணுக்குப் பதில் தோளில் விழுந்த ஃபோகஸும் சேர்ந்தே பெரிதாகும். இதற்குப் பதிலாக, காட்சியை இரு மடங்கு பெரிதாக்கும் 2எக்ஸ் டெலிகன்வெர்ட்டரை லென்ஸோடு மாட்டினால் விலை இல்லையா என்றால், அதுவும் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கி (கால் பங்கு ஒளியையே மிச்சம் வைத்து) எஃப்/5.6 லென்ஸை எஃப்/11 ஆக்கிவிடுகிறது. எனவே வெட்டுகிறவர் மட்டும் சோம்பேறி என்பதை நான் ஏற்கவில்லை.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு மெனக்கெட்டுப் பதில் எழுதுவதற்குக் காரணம் என்னுடைய ஒரு படம். ஆழமில்லாத நீரில் நின்ற நெடுங்கால் உள்ளான் ஒன்றைச் செங்குத்துச் சட்டகத்தில் எடுத்திருந்தேன். ஒரு காலைத் தூக்கியிருந்தது. விரல் நுனியிலிருந்து விழுந்த சொட்டின் வளையம் விரிந்து, நீரில் தெரிந்த கால்களின் பிம்பத்தை அப்போதுதான் தொட்டிருந்தது. கால்கள் மேலே நேர்கோடாகவும் கீழே நெளிகோடாகவும் தெரிவதே அந்தப் படம். ஆகவே பறவையை மேற்பாதியில் வைத்து, கீழ்ப்பாதியை முழுக்க நீருக்கு விட்டிருந்தேன். ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன், தேர்வானது. போய்ப் பார்த்தால், தங்களிடம் இருந்த கிடைமட்டச் சட்டங்களுக்குப் பொருந்த வேண்டுமென்று, என்னைக் கேட்காமலே, பிம்பத்தை முழுதாக நீக்கி, கால்களையும் நடு மூட்டிலேயே வெட்டி மாட்டியிருந்தார்கள். (முழங்கால் என்று நாம் எண்ணிக்கொள்ளும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால்.) கேட்டதற்கு, "இப்போது பறவை பெரிதாகத் தெரிகிறதே" என்றார் பொறுப்பாளர். உள்ளானிடம் காலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

தன் படத்தை யாரும் தொடக் கூடாது என்னும் கர்வம் இது என்று சிலர் நினைக்கலாம். அதே படத்தை நானும் வெட்டித்தான் அனுப்பியிருந்தேன். வலது ஓரத்தில் இன்னொரு பறவையின் வால் நுனி எட்டிப் பார்த்தது. அதை நீக்க வலப்பக்கத்தில் ஒரு கீற்றை எடுத்தேன். அதனால் பறவை ஒரு மயிரிழைகூடப் பெரிதாகவில்லை, பார்வை ஓரத்துக்கு ஓடுவது மட்டும் நின்றது. நான் கிராப் கருவியை எடுப்பது அநேகமாக இதற்குத்தான். முதலில் நான்கு ஓரங்களையும் சுற்றி வந்து, வெளுத்த இலை, பாதிக் கிளை, அரைகுறையாக நுழைந்த இறக்கை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். பறவையின் பக்கம் பிறகுதான் வருகிறேன். ஃபோகஸ் புள்ளி நடுவில் இருந்ததால் பறவையும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், அது பார்க்கும் அல்லது பறக்கும் திசையில் இடம் மிஞ்சும்படி பின்பக்கத்தை வெட்டுகிறேன். முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் சட்டகத்தின் மூன்றிலொரு பங்கில் வைக்கச் சொல்லும் விதியை இங்கே யாரேனும் நினைவூட்டுவார்கள். அமைதியான நீரில் முழுப் பிம்பத்தோடு நிற்கும் பறவைக்கு நடுவிடமே பொருத்தம் என்பது என் கருத்து.

உடலை வெட்டத்தான் வேண்டுமென்றால் தயங்காமல் வெட்டுங்கள். தலையும் கழுத்தும் மட்டுமே உள்ள முகப்படம் தெரிந்தே செய்ததாகத் தெரியும். இறக்கை நுனியோ விரல்களோ மட்டும் விடுபட்டால் கைதவறியதுபோல் இருக்கும். அரசவால் ஈப்பிடிப்பானின் நீண்ட வாலைச் சட்டகத்துக்கு வெளியே விட்ட படங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். எடுக்கும்போதே நெருக்கிப் பிடித்ததன் விளைவு அது. இல்லாத வாலைப் பிற்பாடு எந்தக் கருவியாலும் நேர்மையாகக் கொண்டுவர முடியாது. பறக்கும் பறவைக்கு ஜூமைச் சற்றுப் பின்னிழுத்து எடுப்பதும், சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்கும்போது ஓரங்கள் கொஞ்சம் பறிபோகும் என்று கணக்கிட்டு இடம் விடுவதும் இதனால்தான். இயற்கைப் படப் போட்டிகள் பலவற்றில் கிராப் செய்ய அனுமதி உண்டு. எதையும் சேர்க்கவோ அழிக்கவோதான் தடை, அதைச் சரிபார்க்க கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத அசல் ரா கோப்பையும் கேட்பார்கள்.

வெட்டக் கூடாது என்னும் பிடிவாதத்துக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. சட்டகம் நிறைய வேண்டுமென்று நெருங்கி நெருங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி அவர்களையே பார்த்தாலும், கூட்டைவிட்டு எழுந்து போனாலும் அவர்கள் நிற்பதில்லை. எட்ட நின்று எடுத்து வெட்டிய மங்கலான படம் அதைவிட எவ்வளவோ மேல்.

எவ்வளவு வரை என்ற கேள்விக்கு என் கணக்கு இது. வெட்டிய படத்தை 100 சதவீத அளவில் (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும்படி) திறந்து, கண்ணைச் சுற்றியுள்ள சிறு இறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தெரிந்தால், அகலத்தில் பாதி வரை போகத் தயங்குவதில்லை. அவை குழைந்து ஒன்றாகிவிட்டால், பறவை சிறியதாகவே இருக்கட்டும் என்று சுற்றியுள்ள நாணலையும் சேற்றையும் மீண்டும் சட்டகத்துக்குள் சேர்த்துக்கொள்கிறேன்.