கொசு எழுத்துக்குள்ள கொசு சத்தம் இருக்கா? (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம்,
ஆறு மாசமா ஜப்பானிய மொழி கத்துக்கறேன். கொசுவுக்கான கான்ஜி (சீனாவுலேருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்து) எழுத்துல இடது பக்கம் பூச்சி, வலது பக்கம் "எழுத்து"ன்னு அர்த்தம் வர்ற குறி. அந்தக் குறிய "புன்"னு (பஸ்ல வர்ற ப) படிக்கணும், புன்ன்ன்னு பறக்கற பூச்சி, அதனாலதான் கொசுன்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா பேச்சுல கொசுவ "கா"ன்னுதானே சொல்றாங்க? டீச்சர் சொன்னது நிஜமா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மறக்காம இருக்க அது அருமையான வழி, விட்டுடாதீங்க. ஆனா எழுத்து பிறந்த கதை அது இல்ல. எழுத்து உண்டானது சீனாவுல, அப்போ அந்தக் குறிய ப-ல இல்ல, ம-ல ஆரம்பிச்சு மன், முன் மாதிரி சொல்லிட்டு இருந்தாங்க. தாங் வம்சத் தலைநகர் சாங்ஆன் பக்கம் அந்த ம மெல்ல ப பக்கமா சாஞ்சுது, 7லேருந்து 9ஆம் நூற்றாண்டு வரைக்கும் அங்க போயிட்டு வந்த ஜப்பான் தூதர்களும் பிக்குகளும் கொண்டு வந்ததுதான் "புன்". அதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்த உச்சரிப்புல ம அப்படியே இருக்கு. ஹோட்டல்ல ஆர்டர் பண்றதுக்கு "சூமொன்"னு படிச்சிருப்பீங்கல்ல, அந்த மொன் இதே குறிதான். தென் சீனாவுல பேசற கான்டனீஸ்ல கொசு இன்னிக்கும் "மன்", கொரியன்ல இந்த எழுத்த "முன்"னு படிப்பாங்க, சீனாவோட பொது மொழியான மாண்டரின்லதான் ம தேஞ்சு "வென்" ஆயிடுச்சு. ஆக அந்தக் குறி அங்க உக்காந்திருக்கறது ஒலிக்காக மட்டும்தான், "எழுத்து"ங்கற அர்த்தத்துக்கும் கொசுவுக்கும் சம்பந்தமே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். கி.பி. 100 வாக்குல சூ ஷென் தொகுத்த "ஷுவோவென் ஜியேட்ஸி" அகராதில கொசுவுக்கு மூணு வடிவம் இருக்கு. முதல் வடிவம் கீழ ரெண்டு பூச்சி, மேல "மின்"னு ஒலிக்கற, ஜனங்கன்னு அர்த்தம் வர்ற குறி. மனுஷங்களக் கடிக்கற பறக்கும் பூச்சின்னு விளக்கம் குடுக்கறார். ரெண்டாவதுல மேல இருக்கறது அந்தி நேரத்துக்கான குறி, ஏன்னா கொசு அந்தியிலதான் வெளிய வருதாம்! சாயங்காலம் ஜன்னல சாத்தறவங்க யாரோ யோசிச்ச எழுத்து மாதிரியே எனக்குத் தோணுது. நீங்க படிக்கறது மூணாவது, அத சாதாரண ஜனங்க எழுதற வடிவம்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிடறார். கடைசில அதுதான் நின்னுச்சு. முதல் வடிவத்துக்கு 17 கோடு, இதுக்கு 10தான், கை எத விரும்பும் சொல்லுங்க. ஆனாலும் அந்த அந்தி எழுத்து போனதுல எனக்கு வருத்தம்தான்.

இடது பக்கப் பூச்சியும் ஆதில பூச்சி இல்ல, பாம்போட படம். பூச்சிக்கு அதையே மூணு தடவ சேத்து எழுதுவாங்க, இப்போ சீனாவுலயும் ஜப்பான்லயும் சுருக்கி ஒண்ணாக்கிட்டாங்க. அதனாலதான் பாம்பு, தவளை, வானவில் எல்லாத்துலயும் இந்தக் குறியப் பாப்பீங்க. வானவில்ல ரெண்டு தல பாம்பா வரைஞ்ச காலம் உண்டு.

"கா" ஜப்பான்காரங்களோட சொந்தச் சொல், எழுத்து பின்னாடி வந்து அது மேல ஒட்டிக்கிச்சு. தினசரி உபயோகத்துக்கான கான்ஜிகளுக்கு அரசாங்கம் போட்ட ஜோயோ பட்டியல்லயும் இந்த எழுத்துக்கு "கா" மட்டும்தான் வாசிப்பு, "புன்" இல்ல. கூடவே "கயா"வையும் படிச்சு வச்சுக்கோங்க, கொசுவல. அதுல முதல் எழுத்து இதுதான், ஆனா எழுத்தெழுத்தா பிரிச்சுப் படிக்க முடியாது, ரெண்டையும் சேத்து ஒரே சொல்லாதான் படிக்கணும்.