எட்டாம் கிரேடுக்குப் பிறகு: மேடையும் வகுப்பறையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்து எட்டாம் கிரேடு பியானோ தேர்வை முடித்த உங்கள் மகள், மேடைக் கலைஞராகவும் சிறுவர்களின் ஆசிரியராகவும் ஆக என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். இசைத் தேர்வுகளை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் அடுத்த படியான ஏஆர்எஸ்எம் என்ற வாசிப்புப் பட்டயத்தில் ஸ்கேல் (ஸ்வரங்களை வரிசையாக வாசிப்பது), முன்பு பாராத இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்தல் போன்ற சோதனைகள் கிடையா. ஏறத்தாழ 30 நிமிட நிகழ்ச்சியை முழுமையாக வாசிக்க வேண்டியிருப்பதால், மேடைக்கு அதுவே நல்ல பயிற்சி என்பேன். கற்பித்தலோ வேறு திறமை: சிறு கைக்கு எட்டாத ஆக்டேவை (ஒரு ஸ்வரத்திலிருந்து அதே பெயருள்ள அடுத்த ஸ்வரம் வரையிலான இடைவெளியை) எப்படி எளிதாக்கித் தருவது, ஓயாமல் தவறும் தாளத்தை எப்படிக் கைதட்டிப் புரியவைப்பது என்பதெல்லாம் மேடையில் கிடைப்பதில்லை. அதற்குத் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டப்படிப்பு இருக்கிறது. வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ போதும். ஆனால் அழுத்தும்போது பாரம் தெரியும் 88 கட்டைகள் அவசியம்.