மாஸ்டோடான்ல காசு கேக்கலாமா? தாராளமா கேளுங்க, ஆனா யார்கிட்ட கேக்கறோம்னு பாத்துக்கோங்க

மாஸ்டோடான்னா ட்விட்டர் மாதிரி ஒரு சோஷியல் மீடியா, ஆனா ஒரே கம்பெனி கைல இல்லாம ஆளாளுக்கு தனித்தனி சர்வர் வச்சு நடத்தறது, விளம்பரமும் கெடையாது. அதப் பத்தி மதுரைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, ரெண்டு வருஷமா மாஸ்டோடான்ல வசனமே இல்லாத காமிக்ஸ் போடறேன், 900 பேர் ஃபாலோ பண்றாங்க, பாதி பேர் வெளிநாடு. போன வாரம் புடிச்சிருந்தா ஆதரவு குடுங்கன்னு ஒரு லிங்க் போட்டேன், உடனே ஒருத்தர் வந்து இங்கயும் கடைய விரிச்சிட்டியான்னு கேட்டுட்டாரு. மனசு கஷ்டமா போயி அழிச்சிட்டேன். விளம்பரமே வேணாம்னு வந்தவங்க இருக்கற எடத்துல காசு கேக்கறது தப்பா?"

தப்பே இல்ல தம்பி. அழிச்சத திரும்ப போடுங்க, ஆனா எப்படி போடணும்னு ரெண்டு விஷயம் சொல்றேன், அத பாத்துட்டு போடுங்க.

முதல்ல, விளம்பரம் இல்லாத எடம்னா காசே பொழங்காத எடம்னு ஒரு நெனப்பு நெறைய பேருக்கு இருக்கு. மாஸ்டோடானையே எடுத்துக்கோங்க, 2016ல ஜெர்மனில ஆய்கன் ரோஷ்கோன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, அதுவே பேட்ரியான்ங்கற ஆதரவு சைட்ல ஜனங்க மாசாமாசம் குடுத்த காசுல வளந்ததுதான். நீங்க இருக்கற சர்வருக்கும் யாரோ ஒருத்தர் மாசம் பொறந்தா வாடகை கட்டறாரு, ஒண்ணு சொந்த கைக்காசு, இல்லன்னா அங்க இருக்கறவங்க போட்டு குடுக்கறது. ஜனங்க அங்க ஓடி வந்தது காசுக்கு பயந்து இல்ல. நம்ம எத பாக்கறோம், எவ்வளவு நேரம் பாக்கறோம்னு கணக்கெடுத்து அத மூணாவது ஆளுக்கு விக்கறாங்களே, அதுக்கு பயந்து. யூடியூப்ல சாதா வீடியோ போடறவங்க 1000 சப்ஸ்கிரைபர், ஜனங்க பாத்த நேரம் 4000 மணின்னு ஓடி ஓடி சேத்தாத்தான் விளம்பரக் காசுல பங்கே வரும், அதுலயும் சாதா வீடியோவுக்கு 45% அவங்க எடுத்துப்பாங்க, அப்பறம் அந்த 4000 மணி நேரத்துக்காகவே நம்ம வீடியோவ இழுக்க ஆரம்பிச்சிடுவோம். உங்க படத்த பாத்து சிரிச்ச ஒருத்தர் அவரா விரும்பி 50 ரூபா அனுப்பறதுல இந்த இழுவை எதுவும் கெடையாது.

நான் பயப்படறது வேற ஒண்ணுக்கு. நெட்வொர்க்கே போஸ்டுக்கு இவ்வளவு, லைக்குக்கு இவ்வளவுன்னு காசு குடுத்தா என்னான்னு அடிக்கடி ஒரு யோசனை வரும், கேக்க நல்லாத்தான் இருக்கும். அத பண்ணியே பாத்தாச்சு. 2016ல ஸ்டீமிட்னு ஒண்ணு வந்துச்சு, பிளாக்செயின்ல ஓடற சைட், விளம்பரத்த நம்பாம ஓட்டு விழ விழ எழுதுனவருக்கு கிரிப்டோ காயின் வர்ற மாதிரி வச்சாங்க. ஆனா யார்கிட்ட காயின் அதிகம் இருக்கோ அவங்க ஓட்டுக்குத்தான் கனம் அதிகம், அதனால கொஞ்ச நாள்ல காசு வாங்கிட்டு தானா ஓட்டு போடற பாட் ப்ரோக்ராம் எல்லாம் வந்துடுச்சு, நல்லா எழுதுனவரு ஒரு ஓரத்துல கெடக்க, அந்த ப்ரோக்ராமுக்கு காசு கட்டுனவரு மேல போயிடுவாரு. 2018ல காயின் வெல விழுந்துது, அந்த வருஷம் நவம்பர்ல கம்பெனி பாதிக்கு மேல ஆள கொறச்சுது, 2020ல கம்பெனி கைமாற, ஜனங்க சண்ட போட்டு பிரிஞ்சு ஹைவ்னு தனியா போனாங்க. படிக்கறவங்க படிக்கறத நிறுத்திட்டு கணக்கு பாக்க ஆரம்பிச்சதுதான் எனக்கு அதுல ரொம்ப வருத்தமான விஷயம். அதனால மாஸ்டோடான் மாதிரி எடத்துல நெட்வொர்க் காசு குடுக்கவே வேணாம், நம்ம வாசகர்கிட்ட நேரா கேப்போம், இதுதான் என் கட்சி.

எப்படி கேக்கறதுன்னா, மொதல்ல உங்க சர்வரோட ரூல்ஸ் பக்கத்த படிங்க. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சட்டம், சிலதுல வியாபாரமே கூடாதும்பாங்க, சிலதுல சொந்த படைப்ப விக்கலாம் ஆனா திரும்ப திரும்ப போடக்கூடாதும்பாங்க. தெளிவா இல்லன்னா அட்மினுக்கே ஒரு மெசேஜ் போட்டு கேளுங்க, அவங்களும் மனுஷங்கதான், பதில் சொல்வாங்க. ப்ரொஃபைல்ல லிங்க் போட தனியா கட்டம் இருக்கு, ஆதரவு லிங்க் அங்க ஒண்ணு, பின் பண்ணுன போஸ்ட்ல ஒண்ணு, அப்பறம் மாசத்துக்கு ஒரு தடவ ஞாபகப்படுத்தினா போதும். அடுத்தவங்க போஸ்டுக்கு கீழ போயி லிங்க் போடாதீங்க, அதுதான் உண்மையிலயே கடை விரிக்கறது.

இதுக்கு உதாரணமா பிரான்ஸ்ல டேவிட் ரெவாய்னு ஒரு ஓவியர் இருக்காரு, பெப்பர் அண்ட் கேரட்னு 2014ல இருந்து வெப்காமிக் போடறாரு, அவரும் மாஸ்டோடான்ல இருக்காரு. அவர் கதை எல்லாமே ஓசி, பூட்டு எதுவும் கெடையாது, பேர் போட்டா யார் வேணா எடுத்து அச்சடிச்சு விக்கக்கூட செய்யலாம். ஆதரவு குடுத்தவங்க பேர் அத்தியாயத்தோட கடைசில வரும், அவ்வளவுதான் கைமாறு. நீங்களும் காசு குடுத்தாத்தான் பாக்கலாம்னு உங்க காமிக்ஸ் ஸ்ட்ரிப்ப பூட்டாதீங்க, 900 பேர்ல பூட்டப் பாத்து திரும்பறவங்கதான் அதிகமா இருப்பாங்க.

இப்ப பணம் வாங்கற பக்கம், இங்கதான் நம்ம ஊருக்குன்னு சிக்கல் இருக்கு. உள்ளூர் ஆளுங்களுக்கு யூபிஐ, ஆனா ஃபோன் நம்பரே ஐடியா இருக்கறத போட்டுடாதீங்க, ஆப்லயே வேற ஐடி ஒண்ணு வச்சுக்கோங்க, அப்பவும் அனுப்பறவருக்கு பேங்க்ல இருக்கற உங்க பேர் தெரியும்ங்கறத மனசுல வச்சுக்கோங்க, புனைப்பேர்ல வரையறவங்களுக்கு இது முக்கியம். வெளிநாட்டு காசுக்கு பேபால் வழி இருக்கு, இந்தியாக்குள்ள அனுப்பறத அவங்க 2021 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க, வெளில இருந்து வர்றது மட்டும்தான், அதுவும் பொருளுக்கோ வேலைக்கோ வர்ற காசா இருக்கணும், எதுக்கு வந்த பணம்னு பர்ப்பஸ் கோடு கேப்பாங்க. அதனால வெளிநாட்டுக்காரங்ககிட்ட சும்மா டிப்ஸ் குடுங்கன்னு கேக்கறத விட, 20 ஸ்ட்ரிப் சேத்து ஒரு பிடிஎஃப் விக்கறது, கேட்டவங்களுக்கு படம் வரைஞ்சு குடுக்கறதுன்னு வச்சுக்கோங்க, கணக்கும் சுத்தமா இருக்கும். அன்பளிப்புன்னு பேர் வச்சா வரி கெடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சொந்தக்காரங்க இல்லாதவங்க குடுக்கறது வருஷத்துக்கு 50,000 தாண்டினா முழு தொகையும் வருமானக் கணக்குல வந்துடும், வரைஞ்சு குடுத்து வாங்கறது எப்படியும் வருமானம்தான்.

இன்னொன்னு, நீங்க பத்திரிகைக்கு கார்ட்டூன் போடறவரா இருந்தா வெளிநாட்டு நன்கொடை பக்கமே போகாதீங்க. வெளிநாட்டு நன்கொடைய கட்டுப்படுத்தற எஃப்சிஆர்ஏ சட்டம் மூணாவது பிரிவுல பதிவு பெற்ற பத்திரிகையோட நிருபர், பத்தி எழுதறவர், கார்ட்டூனிஸ்ட்டுன்னு பேர் சொல்லியே தடை போட்டிருக்கு, செய்தி வீடியோ எடுக்கறவங்களும் அதுல வர்றாங்க. அப்படி ஏதாவது தொடர்பு இருந்தா வெளிநாட்டுல இருந்து ஒரு ரூபா வாங்கறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சர்வர் ஒரு நாள் மூடிட்டா என்னங்கறதையும் இப்பவே யோசிச்சு வைங்க. மூடறதுக்கு முன்னாடி வேற சர்வருக்கு மாறினா ஃபாலோயர்ஸ் கூடவே வருவாங்க, பழைய போஸ்ட் வராது. அதனால படமெல்லாம் உங்க கைல ஒரு காப்பி, முடிஞ்சா சொந்தமா ஒரு சின்ன சைட், ஈமெயில்ல வேணும்னு கேக்கறவங்க லிஸ்ட் ஒண்ணு.

அப்பறம் காசு வர ஆரம்பிச்சா, மொத மாசத்துல இருந்தே ஒரு பங்கு உங்க சர்வர் அட்மினுக்கு அனுப்புங்க தம்பி. நூறு ரூபாயா இருந்தாலும் சரி. நானும் கொஞ்ச நாள் ஒரு சின்ன சர்வர் நடத்தினவன், ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் ரொம்பி நின்னு போச்சுன்னு எந்திரிச்சு உக்காந்தவன், படம் போடறவங்களாலதான் டிஸ்க் சீக்கிரம் ரொம்பும். அந்த நேரத்துல யாரோ ஒருத்தர் சொல்லாம கொள்ளாம போட்ட காசு எவ்வளவு தெம்பா இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.